எட்டாயிரத்துக்கு நாற்பது குறைவு

தன் குளத்துச் சேற்றில் கதிர்வீச்சு குறைவு என்று தெரிந்த அன்று குசானோ தோகுஜிக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

முடிவைப் பொதுக்கூடத்தின் கதவில் ஒட்டியிருந்தார்கள். மேற்குளம், பொறுப்பாளர் ஹங்காய் கென்சாகு: கிலோ சேற்றுக்கு எட்டாயிரத்து இருநூற்றுப் பத்து பெக்கரல். கீழ்க்குளம், பொறுப்பாளர் குசானோ தோகுஜி: ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: எட்டாயிரத்தைத் தாண்டிய குளங்களில் மட்டுமே சேறு அகற்றும் பணி நடைபெறும்.

தோகுஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எண் மாறவில்லை. நாற்பது குறைவு.

பக்கத்தில் நின்ற ஹங்காய் அவர் தோளில் கை போட்டார். "விடுடா தோகு. நாப்பதுதானே? உன் சேறும் மோசமில்ல."

அந்த ஆறுதல்தான் தோகுஜிக்குத் தாங்க முடியாமல் போயிற்று. ஐம்பது வருடமாக அவர் இந்தக் கையைத் தோளில் சுமந்துகொண்டிருக்கிறார். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஹங்காய் முதல், தோகுஜி இரண்டாவது. அறுவடை இயந்திரம் கமிசாவா ஊரில் முதலில் வாங்கியது ஹங்காய். தோகுஜி அடுத்த வருடம் அதே நிறத்தில் வாங்கினார். நெல் மூட்டைக்குத் தர முத்திரை குத்தும்போது இருவருக்குமே முதல் தரம்தான் விழும்; ஆனால் தோகுஜியின் மூட்டையில் கொஞ்சம் கோணலாக விழும். அணு உலை வெடித்து, ஊரையே பஸ்ஸில் ஏற்றி, தகரக் குடியிருப்பில் இறக்கியபோதும் ஹங்காய்க்கு வரிசையின் கடைசி வீடு கிடைத்தது. இரண்டு பக்கம் ஜன்னல். தோகுஜிக்கு நடு வீடு. இரண்டு பக்கமும் குறட்டை.

ஆறு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பலாம் என்று சொன்னார்கள். வீடுகளைக் கழுவியாயிற்று, வயலின் மேல்மண்ணைச் சுரண்டியாயிற்று, மிச்சம் குளங்கள்தான் என்றார்கள். மலையிலிருந்து மழை கொண்டுவந்த கதிரியக்கச் சீசியமெல்லாம் குளத்தின் அடிச்சேற்றில் படிந்துகிடந்தது. சரி, இதிலாவது எல்லோரும் சமம் என்று நினைத்திருந்தார் தோகுஜி. அதிலும் ஹங்காய் முந்திக்கொண்டார்.

குளங்களைக் கவனிக்க ஒரு அலுவலகம் திறந்திருந்தார்கள். 'நீர்நிலை அடிவண்டல் நல்வாழ்வு மேம்பாட்டு ஒருங்கிணைப்பு அலுவலகம்' என்று பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிவிட்டதால் கடைசி இரண்டு சொற்களைப் பக்கத்துக் கடையின் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஊரில் அதைச் சேத்து ஆபீஸ் என்றார்கள். அதன் துணை மேலாளர் மினெகிஷி, கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதும் தலைக்கவசம் கழற்றாத மனிதர். முடிவு வந்த அன்று மாலை பொதுக்கூடத்தில் விளக்கக் கூட்டம் நடத்தினார்.

"முதல்ல ஹங்காய்-சானுக்கு எங்க அலுவலகத்தோட ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிச்சுக்கறேன்" என்று இடுப்பு வரை வளைந்தார். பிறகு தோகுஜி பக்கம் திரும்பி, "குசானோ-சானுக்கு மனமார்ந்த வாழ்த்துக்கள்" என்று கழுத்தை மட்டும் வளைத்தார்.

தோகுஜி எழுந்தார். "ரெண்டு குளத்துக்கும் வித்தியாசம் இருநூத்தம்பது. அந்த இருநூத்தம்பதுல அப்படி என்னங்க இருக்கு?"

"அதுல ஒண்ணும் இல்லீங்க. ஆனா அதுக்கு நடுவுல எட்டாயிரம் இருக்கு."

"அப்போ என் சேறு ஆபத்தில்லாததா?"

"ஆபத்தில்லன்னு நாங்க எப்பவும் சொல்ல மாட்டோம். ஆபத்துன்னும் சொல்ல மாட்டோம். எங்க வேலைக்குள்ள அது வராதுன்னு மட்டும் உறுதியாச் சொல்லுவோம். மக்களுக்கு உறுதி குடுக்கறதுதான் எங்க முதல் கடமை."

எல்லோரும் கைதட்டினார்கள். தோகுஜியும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் மேற்குளத்தில் பணித் தொடக்க விழா நடந்தது. வெள்ளைக் கூடாரம், சிவப்பு வெள்ளைத் திரை, கொடிகள். அலுவலகம் தனக்கென்று, ஆள் உள்ளே புகுந்து நடமாடும் ஒரு பொம்மையும் உருவாக்கியிருந்தது: தொரோப்பி. உருண்டையான சேற்றுக் கட்டி, பெரிய கண்கள், தலையில் மஞ்சள் கவசம். குழந்தைகளின் பயத்தைப் போக்கத்தான் தொரோப்பி. கமிசாவாவுக்குக் குழந்தைகள் யாரும் திரும்பி வரவில்லை என்பதால் அது எழுபது வயதுக்காரர்களோடு கைகுலுக்கியது. ஹங்காயின் கையைப் பிடித்து வெகுநேரம் ஆட்டியது. வரிசையில் அடுத்து நின்ற தோகுஜி கையை நீட்டுவதற்குள் படம் எடுப்பவர் கூப்பிட்டுவிட்டதால் தூரத்திலிருந்து டாட்டா காட்டியது.

அதற்குப் பிறகு தோகுஜிக்கு வேறு வேலை இல்லை. வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மேற்குளத்துக்குப் போகிறவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு உறிஞ்சும் மிதவை போயிற்று. வேலி போயிற்று. உட்காருமிடம் சூடாகும் கழிப்பறை மூன்று போயிற்று. லாரிகளுக்காகப் புதுத் தார்ச்சாலை போட்டார்கள். அது தோகுஜியின் வாசலுக்கு இரண்டு அடி முன்னால் வளைந்து மேலே போயிற்று. உறிஞ்சிப் பிழிந்த சேற்றை ஆளுயரக் கறுப்பு மூட்டைகளில் கட்டி ஹங்காயின் வயல்களில் வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் 'ஹங்காய் மேற்குளம்' என்று அச்சடித்து எண் போட்டிருந்தார்கள். முத்திரைகள் எல்லாம் நேராக இருந்தன.

வெளிநாட்டிலிருந்து ஒரு குழு பார்க்க வந்தது. ஹங்காய் பெயர் எழுதிய தலைக்கவசத்தோடு அவர்களுக்குக் கையை நீட்டி எதையோ காட்டுகிற படம் செய்தித்தாளில் வந்தது.

"எதைக் காட்டறான்?" என்றார் தோகுஜி.

அவர் மனைவி ஃபுசாயே தாளை வாங்கிப் பார்த்தாள். "சேத்தைக் காட்டறாரு. வேற என்ன இருக்கு அங்க?"

"சேறுதான். ஆனா என்ன மரியாதை பாரு."

"ஏங்க, அது வெஷம். அவருக்கு வெஷம் கூடுதலா விழுந்திருக்கு. அதுக்குப் போய் வயிறு எரியறீங்களே!"

"இருநூத்தம்பதுதான் கூட" என்றார் தோகுஜி. "பெரிய வெஷம்!"

இதெல்லாம் வெறும் வயிற்றெரிச்சலோடு நின்றிருந்தால் போயிருக்கும். வசந்தத்தில் நாற்றுவிட நினைத்து அவர் வேளாண் கூட்டுறவுக்குப் போனார். நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் பாசனக் குளத்தின் சேறு அகற்றல் நிறைவுச் சான்றிதழ் வேண்டும் என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"என் குளத்துல சேறே அகற்ற வேண்டாம்னு சொல்லிட்டாங்களே."

"அப்போ நிறைவாகலைன்னு அர்த்தம்."

"ஆரம்பிக்கவே இல்லீங்க!"

"அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு" என்று எழுத்தர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "'ஆரம்பிக்கவில்லை'. அதுல டிக் போட்டா நெல் வாங்க மாட்டோம்."

தோகுஜி சேத்து ஆபீசுக்குப் போனார். மினெகிஷி தேநீர் கொடுத்து உபசரித்தார்.

"குசானோ-சான், உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. பிரச்சினை இருக்கற குளத்துக்குத்தான், பிரச்சினை தீர்ந்துதுன்னு சான்றிதழ் குடுக்கலாம். இல்லாத பிரச்சினையைத் தீர்த்தோம்னு எழுதினா அது மோசடி. எங்க அலுவலகம் நேர்மைக்குப் பேர் போனது."

"சரி. பிரச்சினையே இல்லைன்னு ஒண்ணு எழுதிக் குடுங்க."

மினெகிஷி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அது ரொம்பப் பெரிய வார்த்தைங்க. அந்த வார்த்தைக்குக் கீழ கையெழுத்துப் போடற அளவுக்கு எங்ககிட்ட பதவி இல்ல."

தோகுஜி குளத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சேறு எடுத்த பத்து இடங்களைப் பத்து சிலுவைக் குறியால் காட்டியிருந்தார்கள். ஏழாவது குறி கரையோரம் இறங்கும் சிமென்ட் படிக்கட்டின் மேல் இருந்தது.

"இங்க சேறு ஏதுங்க?"

"இல்ல. அதனாலதான் பூஜ்யம்னு பதிவு பண்ணியிருக்கோம்."

"பூஜ்யத்தையும் சேர்த்தா பத்தால வகுத்தீங்க?"

"பத்து இடம்னா பத்தாலதாங்க வகுக்கணும்."

"படியை விட்டுட்டு ஒம்பதால வகுங்களேன்."

மினெகிஷி கணக்குப் பொறியில் தட்டினார். வந்ததைப் பார்த்துவிட்டு உடனே அணைத்தார். "எட்டாயிரத்து எண்ணூத்துச் சொச்சம் வருது. அதனாலதான் நாங்க அப்படி வகுக்கறதில்ல."

"அப்போ ஏழாவது இடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்க!"

"தள்ளி வெச்சா தரவுகளோட தொடர்ச்சி அறுந்துடுங்க. நாளைக்கு உலகமே எங்களைப் பார்த்துக் கேக்கும், தொடர்ச்சி எங்கேன்னு. வேணும்னா மறு அளவீட்டுக்கு மனு குடுங்க. அதே பத்து இடத்துல, அதே மாதிரி அளப்போம்."

தோகுஜி மனு கொடுத்தார். மனு இருபத்திரண்டு மாதம் நகர்ந்தது. இதற்கிடையில் சீசியம் தன்பாட்டில் சிதைந்துகொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் வேலை பார்த்தது அது ஒன்றுதான். இரண்டு வருடத்தில் பத்தில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிடும் என்று வானொலியில் ஒருவர் சொல்லக் கேட்டதிலிருந்து தோகுஜி பதறிப்போனார். குளத்தைப் பார்க்கும்போதெல்லாம், நல்ல சேறு வீணாகப் போகிறதே என்று தோன்றியது.

மறு அளவீட்டுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஏழாவது இடத்தில் சேறு இல்லை என்பதுதானே குறை? சேறு இருக்கும்படி செய்ய வேண்டியதுதான். தன் குளத்தின் நடுவிலிருந்தே அள்ளியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தன் சேற்றின் மேல் நம்பிக்கை போய்விட்டிருந்தது. அள்ளுவதென்றால் ஹங்காயின் சேற்றைத்தான் அள்ள வேண்டும்.

கமிசாவாவில் பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் மணி அடிக்கும். மேற்குளத்து ஆட்கள் மிதவையை நிறுத்திவிட்டுக் கூடாரத்துக்குள் போய், சாப்பாட்டுப் பெட்டியைக் காலி செய்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒரு மணி வரை படுத்துவிடுவார்கள். தோகுஜி முழங்கை வரை கையுறை, முகமூடி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, தள்ளுவண்டியில் மூடி போட்ட இரண்டு வாளியை வைத்துத் தள்ளிக்கொண்டு புதுத் தார்ச்சாலை வழியாக ஏறினார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. எவ்வளவு நல்ல சாலை என்று அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

மூட்டை கட்டக் காத்திருந்த குவியலில் மண்வெட்டியை வைத்து முதல் வாளியை நிரப்பியபோது பின்னால் குரல் கேட்டது.

"அது ஓரத்துச் சேறுடா. அதுல ஒண்ணும் இருக்காது."

ஹங்காய், கையில் பாதி கடித்த சோற்று உருண்டையோடு, தன் குட்டி லாரியின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோகுஜி மண்வெட்டியோடு அப்படியே நின்றார். முகமூடி போட்டிருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

"மறு அளவீடா?" என்றார் ஹங்காய். "கேட்டிருந்தா நானே கொண்டுவந்து குடுத்திருப்பேனே. எதுக்கு இந்த வெயில்ல?" அவர் இறங்கிவந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, தோகுஜியின் வாளியைக் கவிழ்த்துக் கொட்டினார். "இங்க வா. இது குளத்து நடுவுல எடுத்தது. கன்னங்கரேல்னு எப்படி இருக்கு பாரு. ஒம்பதாயிரத்துக்குக் குறையாது. ஆபீஸ்காரனே பாத்துட்டு வாயைப் பொளந்தான்."

"ஓரத்துதே போதும்டா."

"சும்மா இருடா. ஒனக்குப் போய் மட்டமானதைக் குடுப்பேனா?"

இரண்டு வாளியையும் ஹங்காயே நிரப்பி, மூடியை அழுத்தி மூடி, தோளில் தட்டி அனுப்பிவைத்தார். தோகுஜி வீடு வந்துசேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். திருடப் போன இடத்திலும் ஹங்காய் தானம் கொடுத்துவிட்டார்.

அளக்க வந்த இருவரும் ஏழாவது இடத்தில் நின்று யோசித்தார்கள். "போன தடவை இங்க சேறு இல்லையே?"

"ரெண்டு வருஷம் ஆச்சுல்ல? மழை" என்றார் தோகுஜி.

அவர்கள் 'மழை' என்று எழுதிக்கொண்டார்கள்.

முடிவைத் தெரிவிக்க மினெகிஷியே நேரில் வந்தார். முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருந்தது. "குசானோ-சான், உங்க குளம் சரியா எட்டாயிரம்."

தோகுஜி துள்ளி எழுந்தார். "தாண்டிட்டோமா?"

"அதுதாங்க சிக்கல். விதியில எட்டாயிரத்தைத் 'தாண்டிய'ன்னு இருக்கு. நீங்க எட்டாயிரத்துல நிக்கறீங்க. தாண்டவும் இல்ல, தாண்டாமலும் இல்ல. எங்க அலுவலக வரலாற்றுலயே இப்படி நடந்ததில்ல. வருத்தம் தெரிவிக்கறதா, வாழ்த்தறதான்னு நேத்து முழுக்க விவாதிச்சோம். எல்லைக்கோட்டு ஆய்வுக் குழு ஒண்ணு போட்டிருக்கு. எட்டாயிரம் எட்டாயிரத்தை விடப் பெரிசான்னு ஏழு நிபுணர்கள் ஆராயப் போறாங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"அவசரப்பட்டு முடிவெடுக்க மாட்டோம்னு உறுதி குடுக்கறேன்."

அவர் போன பிறகு தோகுஜி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னும் ஒரு பிடி வெச்சிருக்கலாம்" என்றார் தன்னை மறந்து.

"எதை ஒரு பிடி?" என்றாள் ஃபுசாயே.

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு பேசினாள்.

"ஊரே சேத்தை வெளிய தள்ள ஆபீஸ் வெச்சு அழுதுட்டிருக்கு. நீங்க வாளியில தூக்கிட்டு வந்திருக்கீங்க. அதுவும் அந்த ஆள் கையால வாங்கிட்டு! எட்டு வருஷமா நம்ம வயல்ல ஒரு நாத்து இல்ல. நான் கடையில அரிசி வாங்கித் திங்கறேன், பொட்டலத்துல எந்த ஊர்னு பாத்து. எனக்கு நெல்லு வேணும். உங்களுக்கு என்னதான் வேணும்? ஒரே ஒரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க."

தோகுஜி யோசித்தார். மனதில் முதலில் வந்தது தொரோப்பியின் கைகுலுக்கல். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. எழுந்துபோய், படிக்கட்டிலிருந்த சேற்றைச் சுரண்டி அதே வாளிகளில் போட்டு, மேலே கொண்டுபோய் ஹங்காயிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"ராசியில்லையா?" என்றார் ஹங்காய்.

"இல்ல."

அவர் திரும்பிவந்தபோது ஃபுசாயே சாப்பாட்டு மேஜையில் ஒரு கையேட்டை விரித்து வைத்திருந்தாள். சேத்து ஆபீஸ் வீட்டுக்கு வீடு கொடுத்தது. 'சேற்றோடு சேர்ந்து சிரிப்போம்.' அட்டையில் தொரோப்பி சிரித்துக்கொண்டிருந்ததால் ஊரில் யாரும் திறந்து பார்த்ததில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் பத்து வரி இருந்தது. சீசியம் சேற்றுத் துகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தெளிந்த மேல்தண்ணீரில் அநேகமாக இருக்காது. எனவே மதகைத் திறந்து அடித்தண்ணீரை விடாமல், கலக்காமல், மேலாக எடுத்துப் பாய்ச்சினால் போதும். வயலுக்குப் பொட்டாஷ் உரம் போட்டால் பயிர் சீசியத்தை எடுப்பது இன்னும் குறையும்.

தோகுஜி சந்தேகத்தோடு மூன்று முறை படித்தார். அர்த்தம் புரிந்தது. அதனாலேயே இதை அந்த அலுவலகம் எழுதியிருக்க முடியாது என்று தோன்றியது. யாரோ தெரியாமல் உள்ளே நுழைந்து அச்சடித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

மறுநாள் மீன்கடையில் நாலு தெர்மாக்கோல் பெட்டி கேட்டு வாங்கிவந்தார்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டு, குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கவிட்டார்கள். பழைய மதகைச் சுற்றிக் கனத்த துணியைத் திரைபோலக் கட்டினார்கள். குழாயில் வந்த தண்ணீரை ஊராட்சிச் சோதனைச் சாலையில் கொடுத்தார்கள். 'கண்டறியப்படவில்லை' என்று ஒற்றைத் தாளில் வந்தது. ஃபுசாயேயின் தங்கை கோரியாமா நகரத்தில் சாப்பாட்டுப் பெட்டிக் கடை நடத்துகிறாள். "அறுவடைக்கு அப்புறம் ஒவ்வொரு மூட்டையையும் எந்திரத்துல வெச்சுப் பாக்கத்தானே போறாங்க? அதுல தேறினா நான் எடுத்துக்கறேன். உங்க குளத்தோட சான்றிதழையா நான் வேகவைக்கப் போறேன்?" என்றாள் போனில்.

மே மாதம் நட்டார்கள். தோகுஜியின் இடுப்பு எட்டு வருடத்தில் நடவை மறந்திருந்தது. ஃபுசாயே எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே முதல் தடவையாகச் சிரித்தாள். ஜூன் முழுக்க அவர் முக்காலியை வாசலில் போடவே இல்லை. வரப்பில் போட்டு, பயிரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஜூலை கடைசியில், கதிர் பிடிக்கும் சமயத்தில், மூன்று லாரிகள் வந்து அவர் வாசலில் நின்றன. கொடிகள், திரை, வேலி, மிதவை, ஒரு கழிப்பறை. தொரோப்பி இறங்கியது. மினெகிஷி இறங்கி, ஹங்காய்க்கு வளைந்ததைவிட ஆழமாக வளைந்தார்.

"குசானோ-சான்! ஆய்வுக் குழு முடிவு சொல்லிடுச்சு. முன்னெச்சரிக்கை உணர்வோட பார்த்தா, எட்டாயிரம் எட்டாயிரத்தைத் தாண்டியதாகக் கருதப்படும். எங்க ஆழ்ந்த வருத்தத்தை ஏத்துக்கங்க!"

நாலு பேர் ஒரு பெயர்ப்பலகையைத் தூக்கிவந்து நட்டார்கள். 'குசானோ தோகுஜி கீழ்க்குளம்.' ஹங்காயின் பலகையைவிட எழுத்து பெரிது. தொரோப்பி ஓடிவந்து தோகுஜியின் கையைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. ஊர் முழுக்க வந்து நின்றது. தோகுஜிக்குக் கண் கலங்கியது.

"இங்க ஒரு கையெழுத்து. போட்டீங்கன்னா இன்னைக்கே தண்ணிய இறக்கிடுவோம்" என்றார் மினெகிஷி.

"தண்ணிய இறக்கினா நெல்லு?"

"எந்த நெல்லு?"

தோகுஜி கையைக் காட்டினார். மினெகிஷி திரும்பி, அப்போதுதான் பார்ப்பதுபோல் அந்தப் பச்சையைப் பார்த்தார். "ஓ. நல்லா வந்திருக்கே! ஆனா நெல் எங்க வரம்புக்குள்ள வராதுங்க. நாங்க அடிவண்டல். தண்ணிக்கு மேல இருக்கறது எதையும் நாங்க பார்க்கக் கூடாது. பார்த்தா அதிகார மீறல்."

பேனா தோகுஜியின் கையில் இருந்தது. ஃபுசாயே வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தோகுஜி பலகையைப் பார்த்தார். எழுத்து உண்மையிலேயே பெரிதுதான். ஹங்காய் அதைப் பார்த்து எப்படி வேகிறார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று கூட்டத்தில் தேடினார்.

ஹங்காய் பலகையைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்போரமாக நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கை வேலியைப் பிடித்திருந்தது. அந்த நிற்பைத் தோகுஜிக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வருடமாகத் தான் நின்ற நிற்பு அது.

பேனாவை மூடி மினெகிஷியின் சட்டைப் பையிலேயே சொருகினார். "வேண்டாங்க."

"என்ன வேண்டாம்?"

"எதுவும் வேண்டாம். அறுப்பு முடியட்டும். அப்புறம் வந்து பேசுங்க."

மினெகிஷி வியர்த்துப்போனார். காகிதக் கட்டைப் புரட்டினார். "குசானோ-சான், வேண்டாம்னு சொல்றதுக்குப் படிவம் இல்லீங்க. இது வரைக்கும் யாரும் சொன்னதில்ல." தள்ளிப்போய் வெகுநேரம் போனில் பேசினார். திரும்பிவந்தபோது முகம் தெளிந்திருந்தது. "ஒரு வழி கண்டுபிடிச்சிட்டோம். உரியவர் நேர்ல இல்லாததால தேதி தள்ளிவைக்கப்பட்டதுன்னு பதிவு பண்ணிடறோம். ஆனா விழாவை நடத்தியாகணும், படம் தலைமையகத்துக்குப் போகணும். நீங்க மட்டும் கொஞ்ச நேரம் இல்லாம இருக்க முடியுங்களா? அந்த மரத்துக்குப் பின்னால நின்னாப் போதும்."

தோகுஜி தன் வீட்டுக் காக்கிப் பழ மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். பட்டு நாடாவை வெட்டினார்கள். வராத உரியவருக்கு மினெகிஷி வருத்தம் தெரிவித்து, பலகையைப் பார்த்து வளைந்தார். தொரோப்பி கையாட்டியது. ஊர்க்காரர்கள் மரத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஹங்காயும் மரத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்.

"என் குளத்துல தண்ணி இறக்கி மூணாவது வருஷம்" என்றார் ஹங்காய். "மூட்டையை எங்க கொண்டுபோறதுன்னு இன்னும் முடிவாகலையாம். அது போகாம பணி நிறைவாகாதாம். இப்போ அளந்தா அதுல பாதிக்கு மேல எட்டாயிரமே வராது. அளக்கச் சொன்னா, தொடர்ச்சி அறுந்துடும்கறான். மூணு வயல் மூட்டைக்குக் கீழ கெடக்கு. உன் வாய்க்காலை ஒட்டி ஒண்ணு மட்டும் சும்மா கெடக்கு."

தோகுஜி மரப்பட்டையைச் சுரண்டினார். உதவி செய்யும் எண்ணமில்லாமல் இல்லை, அவசரப்பட விரும்பவில்லை.

"தெனம் காலையில இந்தப் பக்கமா நடக்கறேன்ல? காத்து வாங்கன்னு சொல்லுவேன்ல?"

"ஆமா."

"காத்து வாங்க இல்லடா. உன் பயிரைப் பாக்க. பாத்துட்டுப் போய் பொண்டாட்டிகிட்ட எரிஞ்சு விழறேன்." ஹங்காய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொறாமையா இருக்குடா."

"என்னது?"

"பொறாமைன்னேன்."

"கொடி படபடங்குது, காதுல விழல. இன்னொரு தடவை சொல்லு."

"பொறாமையா இருக்குடா, தோகு!" என்று கத்தினார் ஹங்காய். விழாவில் இருந்தவர்கள் எல்லோரும் மரத்தின் பக்கம் திரும்பினார்கள். உரியவர் இல்லை என்று பதிவாகிவிட்டதால் மினெகிஷி மட்டும் திரும்பவில்லை.

தோகுஜி மரத்தில் சாய்ந்துகொண்டார். இடுப்பு வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "வர்ற மே மாசம் உன் வயலுக்கு ஒரு குழாய் பிரிச்சு விடறேன்" என்றார். "ஆனா ஒண்ணு. முதல்ல நான் நட்டு முடிப்பேன். மறுநாள்தான் நீ வயல்ல கால் வைக்கணும்."

ஹங்காய் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நாள் முந்தினாப் போதுமா உனக்கு?"

"போதும்" என்றார் தோகுஜி.